பின்மூடியில் இருந்த எண்

வீடுகளுக்குப் போகும்போது நாங்கள் வழமையாகக் கேட்கும் கேள்வி, "ஏதாவது பத்திரம் வைச்சிருக்கிறீங்களா?" என்பதுதான். கேட்டவுடன் உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்து வருவார்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், நிவாரண அட்டை, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஓரம் கிழிந்த ஒரு படம். பல இடப்பெயர்வுகளைத் தாண்டி வந்த பைகள் அவை.

மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் அடிக்கடி சந்திக்கும் அக்கா ஒருவர் அன்று பையுடன் ஒரு பால்மாப் பேணியையும் கொண்டுவந்தார். கணவரை யுத்தத்தில் இழந்தவர். வயதான தாயையும் மகளையும் தையல் வேலை செய்து பார்த்து வருகிறார். பேணிக்குள் பழைய சீலைத் துணியில் சுற்றிய ஒரு கைமணிக்கூடு இருந்தது. கறுப்பு முகப்பு. அதற்குள் இரண்டு சிறிய வட்டங்கள். பக்கத்தில் சாவி கொடுக்கும் திருகும், அதற்கு மேலும் கீழும் இரண்டு பொத்தான்களும்.

"தங்கச்சி, இதை வித்துத் தருவீங்களா?" என்று கேட்டார்.

மகளின் படிப்புக்கு எடுத்த கடனில் மூன்று தவணை தவறியிருந்தது. பழைய சாமான் வாங்க வந்த ஒருவர் ஏழாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். லண்டனில் இருக்கும் மச்சானோ படத்தைப் பார்த்துவிட்டு, "அவசரப்பட்டுக் குடுத்திடாதை. 1942 ஆம் ஆண்டு விமானியின்ரை மணிக்கூடு எண்டால் பல லட்சம் போகும்" என்றாராம். ஏழாயிரத்துக்கும் பல லட்சத்துக்கும் நடுவில் அக்கா நித்திரையில்லாமல் இருந்தார்.

1942 என்ற ஆண்டு அந்தக் குடும்பத்துக் கதையில் வருவது. அக்காவின் தாயின் தகப்பனார் அக்காலத்தில் சீனக்குடா விமானத் தளத்தில் கூலி வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியதும் அதே நாளில்தான். அன்று காயப்பட்ட வெள்ளைக்கார விமானி ஒருவரைத் தாத்தா தூக்கிக்கொண்டு ஓடினார், அவர் நன்றியாகத் தன் மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்தார் என்பதே கதை. அக்கா சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த கதை. அவருடைய மகளுக்கும் அது மனப்பாடம்.

நானும் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதே சரி. நல்ல விலை கிடைத்தால் ஒரு குடும்பம் மூச்சு விடுமே என்ற ஆசைதான் காரணம். மணிக்கூட்டை வாங்கியதற்கு ஒரு துண்டு எழுதி, இருவரும் கையொப்பம் வைத்து, அதைத் திருகோணமலை நகரில் நாற்பது வருடமாக மணிக்கூடு திருத்தும் ஐயா ஒருவரிடம் கொண்டு போனேன்.

அவர் அதை உடனே திறக்கவில்லை. "1942 எண்டு சொல்லுறியள். அப்படியெண்டால் முதலிலை முகப்பைப் பார்க்கவேணும்" என்றார். அந்தக் காலத்து மணிக்கூடுகளின் எண்களும் முட்களும் இருட்டில் ஒளிர்வதற்கு ரேடியம் கலந்த வண்ணம் பூசுவார்கள். காலம் போக ஒளி மங்கிவிடும். ஆனால் ரேடியம் போகாது. அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1,600 வருடம் எடுக்கும். திறந்து சுரண்டினால் தூள் பறக்கும், மூச்சோடு உள்ளே போனால் கேடு என்றார்.

பின்னர் இதைப் பற்றி வாசித்தபோது மனம் கனத்தது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒரேஞ்ச் என்ற ஊரில் 1917 முதல் இளம் பெண்கள் மணிக்கூட்டு முகப்புகளுக்கு இந்த வண்ணத்தைப் பூசினார்கள். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குப் பழக்கியிருந்தார்கள். பலருக்குத் தாடை எலும்பு உக்கியது. பலர் இளவயதிலேயே இறந்தார்கள். கிரேஸ் பிரையர் என்பவர் உட்பட ஐந்து பெண்கள் வழக்குப் போட்டு, 1928 இல் நட்டஈடு பெற்றார்கள். ஆண்கள் கட்டிய போர்க்கால மணிக்கூடுகளுக்குள்ளும் பெண்களின் கதை ஒன்று இருக்கிறது.

ஐயா உருப்பெருக்கியைக் கண்ணில் செருகிக்கொண்டு முகப்பைப் பார்த்தார். "பயமில்லை" என்று எனக்கும் காட்டினார். முகப்பில் ஒரு சிறிய வட்டத்துக்குள் 'ரி' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. அது திரித்தியத்தைக் குறிக்கும். ரேடியத்துக்குப் பதிலாக 1960களில் பாவனைக்கு வந்த, அதைவிட ஆபத்துக் குறைந்த பொருள். எனக்கு நிம்மதி. ஆனால் அவர் முகத்தில் வேறு யோசனை. "பிள்ளை, 1942 இலை திரித்தியம் இல்லை" என்றார்.

முகப்பைப் பிறகு மாற்றியிருக்கலாம்தானே என்று கேட்டேன். "மாத்தியிருக்கலாம். பிரித்தானியப் படையிலையே பழைய மணிக்கூடுகளுக்கு அப்படிச் செய்தவை. அதாலைதான் ஒரு அடையாளத்தை மட்டும் வைச்சு முடிவு சொல்லக்கூடாது" என்று சொல்லி மணிக்கூட்டைத் திருப்பினார்.

பின்மூடியில் ஓர் அம்புக்குறி வெட்டப்பட்டிருந்தது. பிரித்தானிய அரசின் உடைமை என்பதைக் காட்ட நூற்றாண்டுகளாக இடப்படும் குறி அது. அதன் கீழே 6பீபீ என்றும், 924-3306 என்றும் இருந்தது. 6பீபீ என்பது அரச விமானப் படைக்கு வழங்கிய மணிக்கூடுகளுக்கான குறியீடு. கடற்படைக்கு வழங்கியவற்றில் 0552 என்று இருக்கும். மற்றது களஞ்சியப் பொருள் எண். அதற்கும் கீழே ஒரு தொடரிலக்கம், ஒரு சாய்கோடு, பின் 74.

"இந்த 74 தான் வழங்கின வருசம்" என்றார் ஐயா. "1974."

1942 இல் ஒரு பிரித்தானிய விமானியின் கையில் இருந்திருக்கக்கூடிய படை மணிக்கூடு எப்படியிருக்கும் என்றும் விளக்கினார். அக்காலத்தில் விமானப் படை விமானிகளுக்கு வழங்கியது பெரும்பாலும் 6பீ/159 என்ற எண் கொண்ட சாதாரண மணிக்கூடு. ஒமேகா, லொஞ்சின்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்தவை. அதற்கு இரண்டு பொத்தான்களோ உள்வட்டங்களோ இல்லை. விமான அமைச்சைக் குறிக்கும் ஏ.எம். என்ற எழுத்துகள் அதன் பின்மூடியில் இருக்கும். அந்த அமைச்சு 1964 இல் பாதுகாப்பு அமைச்சுடன் சேர்க்கப்பட்டது.

எங்கள் கையில் இருந்தது குரோனோகிராப் வகை. நேரம் காட்டுவதோடு, வேண்டிய கணத்திலிருந்து எவ்வளவு நேரம் சென்றது என்பதையும் அளந்து காட்டும். மேல் பொத்தானை அமத்தினால் நடுவில் உள்ள நீண்ட முள் ஓடத் தொடங்கும். மறுபடி அமத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தான் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். வலப்பக்க வட்டம் முப்பது நிமிடம் வரை கணக்கு வைக்கும். இடப்பக்கத்தில் வழமையான செக்கன் முள் ஓடும். விமானிக்கு இது ஏன் தேவை? மணிக்கு 240 மைல் வேகத்தில் பறப்பவர் நிமிடத்துக்கு 4 மைல் போகிறார். முகிலுக்குள் தரை தெரியாதபோது, ஐந்து நிமிடம் பறந்தால் 20 மைல் வந்துவிட்டோம் என்று நேரத்தை வைத்தே தூரத்தைக் கணிக்கலாம்.

அம்புக்குறியையும் எண்ணையும் யாரும் வெட்டலாம்தானே? அதனால் ஐயா மற்றவற்றையும் பார்த்தார். முகப்பில் சீ.டபிள்யூ.சீ. என்ற மூன்று எழுத்துகள். 1972 இல் பிரித்தானியாவில் தொடங்கிய கபொட் மணிக்கூட்டு நிறுவனத்தின் அடையாளம் அது. கூட்டின் வலப்பக்கம் இடப்பக்கத்தை விட அகலம். திருகும் பொத்தான்களும் அடிபடாமல் காக்க அப்படிச் செய்தார்கள். பட்டி மாட்டும் கம்பிகள் கூட்டோடு அசையாமல் பொருத்தப்பட்டவை. ஆகவே கம்பி கழன்று மணிக்கூடு விழுந்துவிடாது. படை மணிக்கூடுகளுக்கு அது பொதுவான முறை. இப்போது அதில் இருந்த பட்டி, சீலைத் துணியை மடித்துக் கையால் தைத்தது. கடைசியாகப் பின்மூடியைத் திறந்தார். உள்ளே ஊசலாடும் சில்லின் அடியில் 7733 என்ற எண்ணும் வால்ஜூ நிறுவனத்தின் குறியும் இருந்தன. அவ்வகை மணிக்கூடுகளில் இருக்கவேண்டிய இயந்திரம் அதுவேதான்.

பிறகு அதைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்தி இருட்டாக்கிப் பார்த்தார். ஒளியே இல்லை. "இதுவும் நல்லதுதான்" என்றார். திரித்தியம் ஏறக்குறைய 12 வருடத்தில் பாதியாகிவிடும். 1974 ஆம் ஆண்டு மணிக்கூடு இன்றைக்கு இரவு முழுவதும் பளிச்சென்று ஒளிர்ந்தால், வண்ணத்தைப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்றுதான் எண்ணவேண்டும். இதில் முட்களின் வண்ணமும் எண்களின் வண்ணமும் ஒரே மாதிரி மஞ்சளித்து இருந்தன. ஒன்றாக முதுமை அடைந்தவை என்று பொருள்.

பல மணிக்கூடுகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பதும் நடக்கிறது. 1957 ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் முப்பது இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. அது பல மணிக்கூடுகளின் பாகங்களைக் கொண்டு ஆக்கப்பட்டது என்று 2023 இல் அந்த நிறுவனமே தெரிவித்தது. பெரிய வல்லுநர்களே ஏமாறுகிறார்கள் என்றால் நாங்கள் எம்மாத்திரம்?

ஐயாவின் முடிவு இதுதான். மணிக்கூடு அசல். பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. நல்ல நிலையில் உள்ள இவ்வகை மணிக்கூடுகள் பிரித்தானியாவில் ஆயிரம் பவுணுக்கு மேலும் விலைபோகின்றன. ஏழாயிரம் ரூபாய்க்குக் கொடுப்பது அநியாயம். ஆனால் 1942 கதை சரிவராது. அந்தக் கதையைச் சொல்லி விற்றால் வாங்குபவரை ஏமாற்றியதாகும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சந்தோசப்படத் தெரியவில்லை. கடனை அடைக்கும் அளவுக்கு விலை இருக்கிறது என்று சொல்லலாம். கூடவே, "உங்கள் தாத்தாவின் கதை பொய்" என்றும் சொல்லவேண்டும். அந்தக் குடும்பத்திடம் வீடு, காணி, படம் எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தது அந்தக் கதைதான். அதையும் நான் எடுத்துவிடுவதா? மறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் எங்கள் பெண்களிடம் உண்மையை மறைத்தவர்கள் ஏற்கெனவே போதும்.

மறுநாள் போனேன். அக்கா தையல் இயந்திரத்தடியில் இருந்தார். அவருடைய அம்மா திண்ணையில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். விலையைப் பற்றிச் சொன்னேன். பிறகு மெதுவாக, பின்மூடியில் 1974 என்று இருக்கிறது என்றேன்.

அக்கா திகைத்துப்போனார். "அதெப்படி? தாத்தா 71 இலேயே செத்துப்போனாரே. அம்மா, நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அம்மாவின் கையில் பாக்குவெட்டி நின்றுவிட்டது. வெகுநேரம் பேசவில்லை. பிறகு மகளைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அது இவளின்ரை தேப்பன்ரை."

அக்காவின் தகப்பனார் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். 1984 இல் விடுமுறையில் வந்தபோது இந்த மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு வந்தாராம். இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தடியில், பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் கடையில் வாங்கியது என்று சொன்னாராம். பின்பு கப்பலை விட்டு ஊரோடு நின்றுவிட்டார். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபோது ஒருநாள் காலை வெளியே போனவர் திரும்பி வரவில்லை. அன்று மணிக்கூட்டை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"பிறகு வீடு சோதிக்க வந்தவங்கள். ஒருத்தன் இதைத் திருப்பிப் பார்த்திட்டு, இது பட்டாளத்துச் சாமான், ஆற்றை எண்டு கேட்டான். அவர் வாங்கினது எண்டு சொன்னால், அவர் எங்கை எண்டு கேட்பாங்கள். எனக்கு வாயிலை வந்தது, என்ரை அப்பாவுக்கு வெள்ளைக்காரன் குடுத்தது எண்டு. அப்பா சீனக்குடாவிலை வேலை செய்தது உண்மைதானே. அவன் சிரிச்சிட்டு வைச்சிட்டுப் போயிட்டான். அதுக்குப் பிறகு சோதனைச் சாவடியிலை எல்லாம் அதைத்தான் சொன்னன். பிள்ளை வாய் தவறிச் சொல்லிப்போடும் எண்டு அவளுக்கும் அப்படியே சொல்லிக் குடுத்தன். சொல்லிச் சொல்லி எனக்கே உண்மை மாதிரிப் போச்சுது."

2006 இல் மறுபடி இடம்பெயர்ந்து நடந்தபோது அதைச் சீலைத் துணிக்குள் தைத்து மடியில் கட்டிக்கொண்டு போனவரும் அவரே. பட்டி அந்தத் துணியில்தான் தைத்தது.

அக்காவின் கண்ணில் கண்ணீர் இல்லை. மணிக்கூட்டைக் கையில் எடுத்தார். தகப்பன் காணாமற்போனபோது அவருக்கு ஐந்து வயது. முகம்கூட நினைவில்லை என்று என்னிடம் பலமுறை சொன்னவர்.

"இந்தப் பொத்தானை அமத்திப்போட்டு உன்னைக் கிணத்தடி வரைக்கும் ஓடிப்போட்டு வா எண்டு சொல்லுவார்" என்றார் அம்மா. "நீ ஓடி வந்து சேர, நிப்பாட்டிப்போட்டு, நேற்றையிலும் பார்க்கக் கெதியா ஓடிட்டாய் எண்டு சிரிப்பார்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, ஓடினது எனக்கு ஞாபகம் இருக்கு. ஆருக்காக ஓடினன் எண்டுதான் தெரியாமல் இருந்தது."

அதன்பின் அங்கே யாரும் அதிகம் பேசவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, வாய்மொழிக் கதைகள் காலத்தோடு மாறும் என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். ஒரு தாய் தன் பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக ஒரு கதையை மாற்றுவாள், அது முப்பது வருடம் அந்த வீட்டைக் காவல் காக்கும் என்பதை அந்தத் திண்ணையில்தான் அறிந்தேன். அம்மா சொன்னதைப் பொய் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அந்தக் கதை தன் வேலையை முடித்துவிட்டது. இனி அது ஒரு மகளிடமிருந்து தகப்பனை மறைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். பின்மூடியில் உள்ள எண், தாத்தாவின் கதை நடக்கமுடியாது என்பதை மட்டுமே நிரூபிக்கிறது. தகப்பன் அதை வாங்கினார் என்பதை நிரூபிக்கவில்லை. அதற்குச் சாட்சி அம்மாவின் சொல் மாத்திரம்தான். ஆகவே அன்றே அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாசித்துக் காட்டினேன். அவர் கையொப்பமிட்டார். தகப்பனாரைப் பற்றிக் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியோடு, அந்தக் கடதாசியையும் மணிக்கூட்டின் படங்களையும் அக்கா சேர்த்து வைத்திருக்கிறார்.

கடன் கொடுத்த இடத்துக்கு நானும் கூடப் போனேன். தவறிய தவணைகளைச் சிறு சிறு தொகையாகப் பிரித்துக் கட்ட ஒத்துக்கொண்டார்கள். மணிக்கூடு இன்னும் விற்கப்படவில்லை. விற்பதா வைத்திருப்பதா என்பது அவர்களுடைய முடிவு. விற்றாலும் உண்மையான ஆண்டைச் சொல்லி, நியாயமான விலைக்கு விற்பார்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பேணிகளிலும் பெட்டிகளிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். மணிக்கூடு என்றால் கழுவாதீர்கள், மினுக்காதீர்கள். கீறலைப் போக்கினால் வெட்டிய எழுத்தும் தேய்ந்துபோகும். முகப்புக்குப் புதிதாக வண்ணம் பூசக் கொடுத்தால் விலை குறைந்துவிடும். பழைய ஒளிர்வண்ணம் உள்ளதை வீட்டில் திறக்காதீர்கள், பிள்ளைகள் விளையாடக் கொடுக்காதீர்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். தொடரிலக்கம் தெரியும் படத்தை அறியாதவர்களுக்கு அனுப்பவேண்டாம். துண்டு எழுதி வாங்காமல் பொருளை யார் கையிலும் கொடுக்காதீர்கள். ஒருவர் சொன்ன விலையோடு நிற்காமல் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பொருளைப் பற்றித் தெரிந்த மூத்தவர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் இருந்து கேளுங்கள். அவர் சொல்லும் கதை எண்ணோடு பொருந்தாமல் போனால் கோபப்படாதீர்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அன்பாகக் கேளுங்கள்.

சென்ற மாதம் அந்த வீட்டுக்குப் போனபோது அம்மா திண்ணையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு இருந்தார். பேத்தியிடம் மேல் பொத்தானைக் காட்டி, "இதை அமத்து, அம்மாவைக் கிணத்தடிக்கு ஓடச் சொல்லு" என்று சிரித்தார். அக்கா வெட்கப்பட்டார். ஆனாலும் ஓடினார்.